நடு ஸ்பீக்கர்

நடு ஸ்பீக்கர் பேசவில்லை.

மற்ற நாலும் பேசின. தரையில் வைத்த பெட்டி தொம் தொம் என்று அதிர்ந்தது. நடுவில் இருப்பது மட்டும் ஊமை.

மகன் இனியன் பெங்களூரிலிருந்து அனுப்பிய ஹோம் தியேட்டர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. "பூஜை போடாம கரண்ட் குடுக்கக் கூடாது" என்று சந்திரம்மாள் சொல்லிவிட்டாள். என் பெண்டாட்டி. சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் பூஜை முடிந்ததும் மாட்டினேன். ஊமை.

தேரடி வீதி ராமதாஸைக் கூப்பிட்டேன். ரேடியோ காலத்து மெக்கானிக். தலை முழுக்க நரை. என் வீட்டு ரிப்பேருக்கு வயசானவர்களைத்தான் கூப்பிடுவேன். நாலு வருஷம் முன்னால் டிவி ரிப்பேருக்கு வந்த பையனைத்தான் என் மகள் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனாள்.

பஸ்ஸில் அரை மணி நேரம். நான் ஏறியதில்லை. அவள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நான் போட்ட சட்டம்.

"என்னா படம் சார் போட்டீங்க?" என்றார் ராமதாஸ்.

"ஒரு சிடி."

"வேற ஒண்ணு போடுங்க, பாப்போம்."

"வேற வேணாம். இதுலதான் கேக்கணும்."

பீரோவில் கிடந்த வீடியோ கேசட். போன வாரம் நானே ஸ்டூடியோவில் கொடுத்து சிடியாக்கினேன். சந்திரம்மாளுக்குத் தெரியாது.

போட்டார். காலேஜ் பட்டிமன்றம். மைக் முன்னால் ஒரு பெண். கையை நீட்டுகிறது. சிரிக்கிறது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நிறுத்திய இடத்தில் மட்டும் நாலு பக்கமும் கைதட்டல்.

அந்தக் கைதட்டலில் என்னுடையதும் உண்டு. மூன்றாவது வரிசை.

"கைதட்டு கேக்குது, பேச்சு கேக்கலையே சார்."

"அதுக்குத்தான்யா உன்னைக் கூப்பிட்டேன்."

"பேச்செல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் வரும். மத்ததெல்லாம் சும்மா சுத்தி சத்தம் போடறதுக்கு."

நடு ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி வலது பக்கத்து ஓட்டையில் செருகினார். அதில் கைதட்டல் கேட்டது. வலது பக்கத்து ஒயரை நடு ஓட்டையில் செருகினார். அதுவும் ஊமை.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குது. மெஷின்ல கோளாறு. மெட்ராஸ் அனுப்பணும். தீபாவளி நேரம், ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசமா!"

கத்திவிட்டேன் போல. சந்திரம்மாள் சமையல்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சிடிதானே சார். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ராமதாஸ்.

"நாலு வருஷமா அப்புறம்தான்யா..."

நிறுத்திக்கொண்டேன்.

ராமதாஸ் தலையைச் சொறிந்தார். "இந்தப் புது மெஷின்லாம் நல்லா தெரிஞ்ச தம்பி ஒண்ணு கீழ்பென்னாத்தூர்ல கடை வச்சிருக்குது. போன் போட்டுக் கேக்கட்டுமா? வேணாம்னா வேணாம்."

எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் எத்தனையோ தம்பிகள்.

"கேளு. சீக்கிரம்."

செல்லில் பேசினார். "நடு ஓட்டை செத்துக் கெடக்குது தம்பி... மாத்தி மாத்திப் பாத்துட்டேன்... எங்கியா? பேகோபுரத் தெரு. சின்னசாமி சார் வீடு."

அதன் பிறகு அவர் பேசவில்லை. செல் காதிலேயே இருந்தது.

"சொல்லும்மா" என்றார் திடீரென்று.

அம்மாவா?

"ஆமாம்மா, புதுசு... ஆயுத பூஜைக்குத்தான்... பூஜை போட்டுட்டுத்தான் மாட்டினாங்களாம்... சந்தனமா?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் தலையை விட்டார்.

"அட! ஓட்டைக்கு ஓட்டை ஒரு கலர் வச்சிருக்கான். இதுக்கு மஞ்சள்னு இல்ல நெனச்சேன்!"

சந்தனம். காய்ந்து கல்லாகி இருந்தது. முன்னால் வைத்த பொட்டைத் துடைத்தது நான்தான். பின்னாலும் வைத்திருப்பாள் என்று யார் கண்டது? ஐந்து ஓட்டையில் நட்டநடு ஓட்டையாகப் பார்த்து, நெற்றிக்கு வைப்பது மாதிரி வைத்திருக்கிறாள்.

ராமதாஸ் குண்டூசியால் சுரண்டினார். ஊதினார். ஒயரைச் செருகினார்.

"...எங்கப்பா கத்துவார், நடுவர் அவர்களே! தெருவே திரும்பிப் பார்க்கும். கத்தி முடிச்சுட்டு சட்டையை மாட்டிக்கிட்டுப் போவார். வரும்போது கையில எனக்கு முறுக்குப் பொட்டலம் இருக்கும்..."

கைதட்டல்.

ராமதாஸ் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். "அந்தம்மா இன்னொண்ணும் சொல்லிச்சு சார். இஸ்திரிப் பெட்டி பிளக்கையும் பாத்துடச் சொல்லிச்சு. வருஷா வருஷம் அதுலயும் வைப்பாங்களாம், கை வச்சா ஷாக் அடிக்குமாம்."

நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்திரம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றாள். முந்தானை வாயில் இருந்தது. எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"யாருங்க சரி பண்ணது?"

தெரியாமலா கேட்கிறாள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் என் சட்டத்தை மீறியதில்லை. இப்போதும் மீறவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொண்டையைச் செருமினேன்.

"மணிமொழி" என்றேன்.