சரணத்தில் ஒரு நிறுத்தம்

அது அடி இல்லை, சும்மா ஒரு தட்டு. சுகந்தி அப்படித்தான் சொல்லுவாள். மகள் ஆதிரை வயலினில் வர்ணம் வாசிக்கும்போது, சரணத்தின் இரண்டாவது வரியில் வில் பிடித்த முழங்கை எப்படியோ மேலே கிளம்பிவிடும். "கை!" என்பாள் சுகந்தி, கூடவே மர ஸ்கேல் முழங்கையில் விழும். எட்டு மாதமாக, தினமும் காலையில், அதே வரியில். வயலின் தேர்வன்று, தேர்வுக் கூடத்து வாசலில் கடைசியாக ஒரு தடவை வாசிக்க வைத்தபோதும் விழுந்தது.

உள்ளே பெற்றோருக்குக் கடைசி வரிசை. ஆதிரை பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டே போனாள். அந்த வரி வந்தது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, ஸ்கேல் விழுகிற நேரம் காத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

முடிந்ததும் தேர்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சரணத்துல ஒரு துளி நிறுத்தி எடுத்தியே, அப்படியே உருகிப்போயிட்டேன். அது நோட்டுல கிடையாதேம்மா, யாரு சொல்லிக் குடுத்தா?"

ஆதிரை வில்லை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினாள். "அம்மா."

எல்லோரும் சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த கைப்பையில் ஸ்கேலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; முந்தானையை இழுத்து அதன்மேல் போட்டாள். யாரோ கை தட்டத் தொடங்க, கூடமே தட்டியது. முதல் தட்டு கேட்டதுமே, மேடையில், குழந்தையின் முழங்கை விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது.