பூப்போட்ட திரை
காப்பார் சாலையோரம், செம்பனை மரங்களின் நிழலில் ஒரு பழைய வேன் நிற்கிறது. பூச்சோங்கிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். கொர்னேலியஸும் மனைவி டோரிஸும் தங்களுடைய இந்த வேனில் காலையில் கிளம்பி, மெதுவாக ஊர்ந்து, பிடித்த இடத்திலெல்லாம் நிறுத்தி ஆளுக்கொரு கோப்பைத் தேநீர் குடித்து, சாயங்காலம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். உள்ளே டோரிஸ் மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். இஞ்சி வாசம் வருகிறது. அவள் தைத்த பூப்போட்ட திரை சன்னலில் உப்பித் தணிகிறது. கொர்னேலியஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைப் புல்லில் பதித்திருக்கிறார். ஓய்வுபெற்ற நாலு வருஷத்தில் இப்படியொரு நாள் அவருக்கு வாய்த்ததில்லை.

புதுக் கார் ஒன்று வேகம் குறைந்து பக்கத்தில் நிற்கிறது. கண்ணாடியை இறக்குபவன் ரோனி, இலாகாவில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அவன் பார்வை துருவேறிய கதவைத் தடவி, கயிற்றில் காயும் துண்டில் போய் நிற்கிறது. “என்ன சார், வேன்லயா தங்கியிருக்கீங்க?” கொர்னேலியஸின் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. “சேச்சே, நம்மளோடது இல்லலா. கூட்டாளி வண்டி. வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போறேன்.” “தனியாவா சார்?” “ஆமா, தனியாத்தான்.”

கார் போனபின் அவர் திரும்பிப் பார்க்கிறார். திரை இழுத்து மூடியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டு, படியில் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகிறது. ஒரே ஒரு கோப்பை.