முந்நூறு தாய்மார்கள்

"வாயைத் திறங்க. இன்னும் ரெண்டே ரெண்டு பேரீச்சம்பழம். வெறும் வயித்தோட ரத்தம் குடுத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க!"

டிரைவருக்குத் தொண்டை வரை நிரம்பியிருந்தது. மூன்று அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கீரை, அரை லிட்டர் தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயாயிற்று. மனைவி எங்கிருந்தோ ஒரு ரத்ததானக் கையேட்டைப் பிடித்து வந்து, ஒரு வரி விடாமல் அவர் வயிற்றில் அமல்படுத்திக்கொண்டிருந்தாள்.

"போதும்டி. இதுக்கு மேல போனா சீட் பெல்ட் மாட்ட முடியாது."

"வழக்கமா குடுக்கறவருக்குக் காய்ச்சல்னுதானே டாக்டரம்மா உங்களைக் கூப்பிட்டிருக்காங்க? நீங்களும் விழுந்துட்டா அந்த முந்நூறு பேர் கதி? அத்தனையும் தாயாகப் போறவங்கன்னு வேற சொல்றீங்க!"

"ஆமா, பாவம்."

"ஒரு ஆளு ரத்தம் முந்நூறு பேருக்கு எப்படிங்க பத்தும்?"

"ஆளுக்கு ஒரு துளி போதுமாம்."

"அப்படி என்ன வியாதியோ!" என்று கண்கலங்கியவள், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகக் கணவனைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு முட்டையும் சாப்பிடலாம் என்று டிரைவருக்குத் தோன்றியது. 

டாக்டரம்மா அவரை ஆய்வுக்கூட வாசலிலேயே மடக்கினார்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா? நேத்து குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. முட்டை, கீரை, தண்ணிதான்."

"சரி, அது என்ன வாசனை?"

"வலிக்காம இருக்கட்டும்னு வீட்டுக்காரி கையில தைலம் தேய்ச்சு விட்டா."

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கெடுத்தீங்களே காரியத்தை! இந்த வாசனைக்கு ஒருத்திகூடக் கிட்ட வர மாட்டாளே! ரெண்டு நாளாப் பட்டினி. சாயங்காலத்துக்குள்ள ரத்தம் கிடைக்கலைன்னா அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துடுவாங்க. ஓடிப்போய்க் கழுவுங்க!"

டிரைவர் தோல் சிவக்கச் சிவக்க நாலு தடவை தேய்த்துக் கழுவினார். டாக்டரம்மா விரல் நுனியிலிருந்து முழங்கை வரை முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வலைக்கூண்டுக்குள் கையை நீட்டினார். 'கொய்ங்' என்று ஒரு பெரும் சத்தம் கையைச் சூழ்ந்தது.

"மூணு வருஷ ஆராய்ச்சி. ஒவ்வொரு கொசுவையும் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்திருக்கேன்," என்று கெஞ்சினார் டாக்டரம்மா. "பழக்க தோஷத்துல பட்டுன்னு ஒண்ணு போட்டுடாதீங்க!"