பாஸ்டன் மாப்பிள்ளை

“பாஸ்டன்ல மார்ச் மாசத்துலகூட ஸ்வெட்டரைக் கழட்ட முடியாது அங்கிள்,” என்று சொல்லி, நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டான் ஜான்சன். செய்யூரில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை.

“அந்தப் பழக்கத்துலதான் இங்கயும் போட்டுகினு வந்துட்டீங்களா தம்பி?” பெண்ணின் அப்பா ஆசீர்வாதம் பரிவோடு கேட்டார். “ரெண்டு வருசம் குளுர்ல கெடந்த உடம்பு. அது இன்னா பண்ணும் பாவம்!”

அந்த ஸ்வெட்டர் பாரிமுனையில் வாங்கியது. பாஸ்டன் அதைப் பார்த்ததில்லை. ஜான்சனும் பாஸ்டனைப் பார்த்ததில்லை.

தப்பு அவனுடையது மட்டும் அல்ல. கம்பெனியில் அவனை பாஸ்டனுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு வந்ததுமே, அம்மா ரெபேக்காள் கருங்குழி சபையில் எழுந்து நின்று, ‘கர்த்தர் என் மகனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்’ என்று சாட்சி சொல்லிவிட்டாள். விசா நேர்காணல் அதற்கு அடுத்த வாரம்தான். முடியாது என்றார்கள். மறுபடி போனான், மறுபடியும் முடியாது என்றார்கள்.

சொன்ன சாட்சியை வாபஸ் வாங்க எந்தச் சபையிலும் வழி கிடையாது. ஆகவே ஜான்சன் இரண்டு வருடம் நாவலூரில் ஒரு பி.ஜி. அறையில் பாஸ்டன்வாசியாக வாழ்ந்துவிட்டு, போன மாதம்தான் ஊர் திரும்பினான்.

இப்போது அந்த பாஸ்டனே அவனுக்குப் பெண்ணும் பார்த்துக் கொடுத்திருந்தது. ஆசீர்வாதத்தின் மகள் ஜெஸ்ஸிக்கு அங்கே மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த ஊர் தெரிந்த மாப்பிள்ளை கூடப் போனால் அனுப்புவேன், இல்லாவிட்டால் இப்போது வெப்சைட்டுக்கு எழுதிக் கொடுக்கிற வேலையே போதும் என்று அப்பா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார்.

ஜெஸ்ஸி நோட்டும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள். “பரீட்சை வைக்கிறேன்னு நெனைக்காதீங்க. மொத தடவ போறவங்களுக்கு நாலு டிப்ஸ் சொல்லுங்க. ஏர்போர்ட்ல எறங்குனதும் இன்னா பண்ணணும்?”

ஜான்சன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இணையத்தில் கிடைத்த ‘பாஸ்டன் போகும் இளைஞர்களுக்குப் பத்து டிப்ஸ்’ என்ற கட்டுரையை மூன்று நாளாக உருப்போட்டிருந்தான். “டாக்சி வேணாங்க. ரயில் கார்டு ஒண்ணு வாங்கிடுங்க. பஸ்ஸுக்கும் அதே கார்டுதான்.”

“ஊரைச் சுத்திப் பாக்க?”

“நடைபாதையில செவப்புச் செங்கல்லால ஒரு கோடு போட்டுருப்பாங்க. அதும்மேலயே நடந்தா போதும், சுதந்திரப் போராட்ட எடமெல்லாம் ஒண்ணொண்ணா வந்துடும். ரெண்டரை மைலு.”

“கோடு அழியாம கீதா?” ஆசீர்வாதம் வாயைப் பிளந்தார். “நம்ம ரோட்டுல போட்ட கோட்டை மூணு மாசத்துல காணோம் தம்பி!”

“எம் பையன் தெனம் அதும்மேலயே நடந்துதான் ஆபீஸ் போவான்,” என்றாள் ரெபேக்காள். ஜான்சன் அம்மாவின் காலை மெல்ல மிதித்தான்.

“டீயைக் கடல்ல கொட்டுனாங்களே, அந்தக் கப்பலு?” என்றாள் ஜெஸ்ஸி. அவன் மனப்பாடம் செய்ததில் அடுத்தது அதுதான். அதற்கடுத்து, நடக்கத் தோதான ஷூ, அதையும் கேட்டாள். அப்புறம் பழைய கல்லறைத் தோட்டம். அதையும் அவளே கேட்டாள். உருப்போட்ட வரிசை மாறாமல் கேள்வி வந்துகொண்டே இருந்ததில் ஜான்சனுக்குக் கர்த்தரின் கரம் தெரிந்தது.

ஒன்பது டிப்ஸ் முடிந்தது. பேனா நின்றது. “அவ்ளோதானா?”

“முக்கியமானதே இனிமேதாங்க.” ஜான்சன் சாய்ந்து உட்கார்ந்தான். “ஹார்பர் பக்கம் மங்கி குல்லா போட்ட ஒருத்தர் அவிச்ச வேர்க்கடலை வித்துகினு இருப்பாரு. வாங்குனதும் கெளம்பிடாதீங்க. பேசாம அங்கயே நின்னா இன்னொரு கை அள்ளிப் போடுவாரு.”

“அமெரிக்காவுலயும் கொசுறு கீதா!” ஆசீர்வாதத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

ஜெஸ்ஸி நிமிர்ந்தாள். “நீங்க வாங்கித் தின்னுருக்கீங்களா?”

“வாரத்துக்கு மூணு நாளு. எனக்குன்னா ரெண்டு கை போடுவாரு. நான் கெளம்பி வரும்போது மனுசன் அழுதே போயிட்டாருங்க.”

ஜெஸ்ஸி நோட்டை மூடினாள். அவனையே சற்று நேரம் பார்த்தாள். ஸ்வெட்டருக்குள் ஜான்சனுக்கு முதுகு நனைந்தது. இவள் உதட்டைப் பிதுக்கினால் போதும். சாட்சி, சபை, அம்மாவின் மானம் எல்லாம் செய்யூரிலேயே அடக்கம்.

“அப்பா,” என்றாள் ஜெஸ்ஸி, “இவரு அளவுக்கு பாஸ்டனைத் தெரிஞ்சவங்க அந்த ஊர்லயே இருக்க மாட்டாங்கப்பா. எனக்குச் சம்மதம்.”

“ஸ்தோத்திரம்!” என்று கூவினாள் ரெபேக்காள். பாஸ்டருக்குப் போன் போட சிக்னல் தேடி ஆசீர்வாதம் தெருவுக்கு ஓட, தானும் ஒரு வார்த்தை சாட்சி சொல்ல அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஜான்சன் காபி டம்ளரை நீட்டினான். வாங்கக் குனிந்த ஜெஸ்ஸி குரலைத் தாழ்த்தினாள்.

“அந்தப் பத்து டிப்ஸ எழுத ஒக்காந்தப்ப எனக்கு ஒம்போதுதாங்க தேறிச்சு. பத்தாவதுக்கு, நம்ம பஸ் ஸ்டாண்டு கடலைக்காரரையே பாஸ்டனுக்கு அனுப்பிட்டேன். உங்கள அனுப்ப மாட்டேனா?”