வாசற்படியின் உயரம்

வாசற்படியில் மூன்று காலையும் ஊன்றி, தலையில் வெள்ளைத் தட்டோடு அளவைக் கருவி காலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு வழிவிட்டு வீட்டார் எல்லோரும் அடுக்களைக் கதவு வழியாகப் போய் வருகிறார்கள். மாமனார் வந்தபோதுகூட இங்கே இத்தனை மரியாதை நடந்ததில்லை. போன முறை அளந்தவர், படியின் மேல் மரக்கிளை கவிந்திருந்ததைப் பொருட்படுத்தாமல், டீ ஆறுவதற்குள் வேலையை முடித்து, வெள்ளம் ஏறும் மட்டமென்று அரசு குறித்த வெள்ளக்கோட்டுக்குப் படி நாலு விரல் தாழ்வு என்று எழுதிவிட்டுப் போனார். கோட்டுக்குக் கீழே இருக்கிற வீட்டை இடித்துவிடுவார்கள். இன்று வந்திருக்கும் அளவைக்காரப் பெண் முதலில் கிளையை வெட்டச் சொன்னாள். "இலை மறைச்சா செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். கருவி நிதானமா கேட்டாத்தான் உயரத்தை சரியா சொல்லும்."

வீட்டுக்காரர் முற்றத்தில் பூனை மாதிரி அடியெடுத்து வைக்கிறார். "அண்ணே, சாதாரணமா நடங்க. நீங்க மிதிச்சு பூமி இறங்கிடாது." "எதுக்கும்மா வம்பு? நான் கொஞ்சம் கனம்." "கொஞ்சமா?" என்கிறது அடுக்களையிலிருந்து மனைவியின் குரல். சிரிப்பு அடங்கியதும் கொடியிலிருந்து ஈரத்துணி சொட்டுவது கேட்கிறது. வெயில் வெள்ளைத் தட்டில் பட்டுச் சுவரில் நடுங்குகிறது. பெண்ணின் கையிலிருக்கும் சின்னத் திரையில் உயரத்தின் எண் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மனைவி கரண்டியோடு வந்து பெண்ணின் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். "எவ்வளவும்மா?" "இன்னும் ஒரு விரல் வேணும்க்கா." வீட்டுக்காரர் மெல்லக் குதிகாலை உயர்த்துகிறார். மனைவியும் உயர்த்துகிறாள். அதனால் படி மயிரிழைகூட உயராது என்று நன்றாகத் தெரிந்த அந்தப் பெண், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், தானும் நுனிக்காலில் நிற்கிறாள்.