இரண்டு இடது இறக்கைகள்

பொம்மை விமானத்தின் இரண்டு இறக்கைகளையும் சாப்பாட்டு மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

சேரவில்லை.

ஒன்றின் தடித்த முன்விளிம்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. மற்றதன் முன்விளிம்பு சமையலறையைப் பார்த்தது. புரட்டி வைத்தால் இரண்டும் ஒரே திசைக்கு வந்தன. ஆனால் ஒன்றின் வயிறு மேலே.

"ஏனுங்க, ரெண்டுமே பீச்சாங்கையா இருக்குதுங்க."

கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

"இது எடது கைக்காரங்களுக்குன்னே வர்ற மாடல், அம்மிணி. ஜெர்மனியில நெறையப் பறக்குது."

"நீங்க எப்ப ஜெர்மனியப் பாத்தீங்க?"

"மேல இருந்து."

அவர் பொய் சொல்கிறவரல்ல. நடக்காததைச் சொல்வார், அவ்வளவுதான். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், பருத்திக் காட்டில் இறங்கிய ஒரு விமானத்தின் கழன்ற இறக்கையைப் பற்பசை வைத்து ஒட்டி அனுப்பியவர். விமானி இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறாராம்.

இறக்கை செய்யும் இந்தப் பஞ்சு கனத்துப் பல்சா மரத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் தும்மியதில் இறக்கைக்கு விலா எலும்பாக நிற்கும் துண்டு ஒன்று ஜன்னல் வழியே பறந்து, எதிர் வீட்டில் காயப்போட்ட வேட்டியில் குத்திக்கொண்டு நின்றதாம்.

அது மட்டும் நிஜம். அவளும் பார்த்தாள்.

விமானம் செய்யும் பெட்டி கூரியரில் வந்தபோது, அவள் வலக்கை மாவுக்கட்டை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த கை. எலும்பு கூடிவிட்டது. விரல்கள் கூடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், பங்காளிச் சண்டைக்குப் பிறகு கல்யாண வீட்டில் சந்தித்தவர்களைப்போல, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, இப்ப மடக்கிப் பழகலைன்னா அப்படியே நின்னுரும்" என்றாள்.

இவள் தலையாட்டினாள். மறுநாள் அந்தப் பந்து வாட்ச்மேனின் நாயிடம் இருந்தது.

கீழே அவளுடைய ஸ்கூட்டர் உறை போட்டு நின்றது. ஆக்சிலேட்டர் வலக்கைக்கு. அதைப் பற்றி அவள் பேசவில்லை. பால்கனிப் பக்கம் போவதை விட்டுவிட்டாள்.

"எனக்கு வெரலு தடிமன், அம்மிணி. குண்டூசி நிக்க மாட்டேங்குது" என்றார் அவர் ஒரு நாள்.

பலகைமேல் வரைபடத் தாள். அதன்மேல் பசை ஒட்டாதிருக்க ஒரு பிளாஸ்டிக் தாள். அதன்மேல் சட்டங்கள். விலாக்களை வரிசையாகப் பசை தடவி நிறுத்துவது அவர். காயும்வரை நகராதபடி குண்டூசி குத்துவது அவள். இடக்கையால் குத்தப்போனால், "வெளிச்சத்த மறைக்குது" என்பார்.

முதல் இறக்கையில், குத்திய ஊசிகளைவிடத் தரையில் விழுந்தவையே அதிகம். கடைசி விலாவுக்கு வரும்போது சில நேராக நின்றன.

"இன்னொரு இறக்கை முடிஞ்சா போதுமுங்க. அப்பறம் என்னைய உட்டுருங்க."

"உட்டுட்டாப் போச்சு."

அந்த இன்னொன்றும் முடிந்துதான் இப்போது மேசைமேல் இருக்கிறது. இடதாக.

அவர் தலையைச் சொறிந்தார்.

"படத்துல ஒரு பக்கந்தான் போட்டிருக்கான். மத்த பக்கத்துக்குத் தாள்ல எண்ணெய் தேய்ச்சுக் கவுத்துப் போடோணும். கோடு தெரியும், அதும்மேல செய்யோணும். மறந்து தொலைச்சுட்டேன். இனி மறுக்காத்தான் செய்யோணும்."

மரம் வாங்கிவரப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் பலகையைச் சுத்தம் செய்தாள். பிளாஸ்டிக் தாளை உரித்தாள்.

வரைபடம் கண்ணாடியாக இருந்தது. கோடுகளுக்கு அடியில் பலகையின் ரேகைகள் தெரிந்தன.

முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

பிசுபிசுப்பில்லை. தேய்த்து நாளாகியிருந்தது. இந்தப் பிளாஸ்டிக் தாளை விரித்து இரண்டாவது இறக்கையைத் தொடங்குவதற்கு முன்பே தேய்த்திருக்கிறார்.

தேய்த்துவிட்டு, கவிழ்க்காமல் விட்டிருக்கிறார்.

பிளாஸ்டிக் தாளைப் பழையபடி மூடினாள்.

மூன்றாவது இறக்கை வலதாகவே வந்தது. ஊசிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. பிசியோதெரபிப் பெண் வந்து விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, ரப்பர் பந்தைப் புகழ்ந்தாள். ஸ்கூட்டர் ஓட்டலாம் என்றாள்.

அன்று சாயங்காலமே உறையைக் கழற்றி, கடைவீதி வரை போய்த் தக்காளி வாங்கிவந்தாள். வீட்டில் தக்காளி இருந்தது.

அவர் குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னபடி உன்னைய உட்டுட்டேன்."

டப்பாவை மூடிப் பரணில் வைத்தார். இனி அங்கே எந்த விமானமும் இறங்கப்போவதில்லை என்பதுபோல மேசையைத் துடைத்தார். இறக்கைகளை மட்டும் அதன்மேல் விட்டுவைத்தார். அன்றைக்கு அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் வலது இறக்கையின் நடு விலா ஒடிந்து கிடந்தது.

குனிந்து பார்த்தார். மெல்லிய மரம். மேல்பக்கம் கட்டைவிரல் நகத்தடம். அடிப்பக்கம் ஆள்காட்டி விரல் நகத்தடம். இரண்டும் நேருக்கு நேர்.

"பல்லி உழுந்துருச்சுங்க" என்றாள் சமையலறையிலிருந்து.

"பெரிய பல்லியா?"

"கன்னுக்குட்டியாட்ட."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நானும் பாத்தேன். வாட்ச்மேன் நாயத் தொரத்திக்கிட்டுப் போச்சு."

பரணிலிருந்து டப்பாவை இறக்கினார். அவளுடைய நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார்.