மூச்சை அடக்காத மாமனார்

“மாமாவோட இதயப் படம் இந்தத் தடவையாவது தெளிவா வந்தாகணுமுங்க. எல்லாத்தையும் கல்யாணத்துக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கணும்.”

கோபிநாத் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. கொழிஞ்சாம்பாறை கந்தப்பனின் மகளைக் கட்டப்போகிறவன். உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமனாரின் நெஞ்சைச் சோதிக்க வந்துவிட்டான்! பாலக்காட்டில் ஸ்கேன் எடுக்கிற எனக்கு எத்தனையோ மாப்பிள்ளைகளைத் தெரியும். இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லை.

கந்தப்பனும் லேசுப்பட்டவர் இல்லை. படபடப்பு, மயக்கம் என்று ஏற்கெனவே இரண்டு தடவை வந்தார். “மூச்சை அடக்குங்க” என்றால் விடுவார். படம் கலங்கிப்போகும். கத்திப் பார்த்தேன். “முடியலீங்க அம்மிணி” என்று ஒரே பாட்டு.

“இன்னைக்கு அந்தத் தொல்லையே இல்லீங்க,” என்றேன் கந்தப்பனிடம். “புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. ஆயிரக்கணக்கான இதயப் படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கத்துக்கிட்டது. நீங்க பாட்டுக்கு மூச்சு விடுங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்ப, படம் வந்துருமுங்களா?”

“அதுக்குத்தானே வந்திருக்கீங்க!”

உள்ளே படுத்தவர் வேகவேகமாக மூச்சுவிட்டார். படம் பளிச்சென்று வந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, “இதயத் தசை தடிச்சிருக்கு. இது வம்சத்துல வரலாம். உங்க பிள்ளைகளையும் சீக்கிரம் பார்க்கணும்,” என்றார்.

டாக்டர் போனதும் கந்தப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க கண்ணு. எங்கண்ணன் வயக்காட்டுலயே சுருண்டு விழுந்து போய்ச் சேந்துட்டான். இது வம்சத்துல ஓடுதுன்னு தெரிஞ்சா எம்புள்ளைய யாருங்க கட்டுவாங்க? அதுக்குத்தானுங்க வேணும்னே மூச்சு விட்டேன்.”

அட பாவமே! இந்த மனுஷனிடமா கத்தினேன்?

“நான் சொல்லமாட்டேனுங்க. ஆனா பொண்ணையும் பார்க்கணுமே?”

“கல்யாணம் முடியட்டுமுங்க.”

வெளியே வந்தேன். கோபிநாத் கதவோரமே நின்றான். “படம் வந்துருச்சுங்களா?”

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “உங்களுக்கு ஏன் இத்தனை அவசரம்? பொண்ணு வேண்டாம்னா நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!”

அவன் கோபப்படவில்லை.

“மாமா வேணும்னேதான் மூச்சு விடறாருன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. அவரு அண்ணன் போன கதை ஊருக்கே தெரியும். புது முறை எப்ப வருதுன்னு இங்க போன் போட்டுக் கேட்டுட்டே இருந்ததும் நாந்தான்.”

சற்று விலகி நின்றான். அவனுக்குப் பின்னால் பெஞ்சில் கந்தப்பனின் மகள் தமிழ்ப்ரியா உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனுக்குத் தயாராக வளையல், தோடு எல்லாம் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

என் பின்னாலேயே வந்த கந்தப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

“தேதி மாறாதுங்க மாமா,” என்றான் கோபிநாத். “நீங்க இவ கல்யாணத்தக் காப்பாத்தப் பாத்தீங்க. எனக்கு இவ வேணுமுங்க.”